நொதிக்கும் தொட்டிக்குக் காவல்: ஒயின் ஆலைகளில் தானியங்கிக் கண்காணிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் பீனியா தொழிற்பேட்டையில் அளவுக் கருவிகளைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் ஒரு சிறு பட்டறை வைத்திருக்கிறேன். பொங்கல் முடிந்தால் என் வேலையில் பாதி நந்தி மலைப் பக்கம் போய்விடும். தொட்டபள்ளாப்பூர், தேவனஹள்ளி, சிக்கபள்ளாப்பூர் வட்டார ஒயின் ஆலைகளில் அறுவடைக் காலம் அது. கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் பக்கத்திலிருந்து வந்து அங்கே தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் நம் ஆட்களும், பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகளும், சிறிய ஆலை தொடங்க நினைப்பவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். தமிழில் இதையெல்லாம் எழுதிவைத்தவர்கள் குறைவு என்பதால் எழுதுகிறேன்.

நொதித்தல் என்றால் என்ன? அதற்கு ஏன் காவல்?

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்குவது எளிது. மார்கழி, தை மாதங்களில் இட்லி மாவு பொங்கவே பொங்காது. பாத்திரத்தைப் போர்வையால் சுற்றி அடுப்படி ஓரமாக வைப்போம். சித்திரையில் அதே மாவு விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வழிந்து நிற்கும். மாவும் மாறவில்லை, கையும் மாறவில்லை. மாறியது வெப்பம் மட்டும்தான்.

திராட்சைச் சாற்றில் இந்த வேலையைச் செய்வது ஈஸ்ட். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே விடுகிறது. 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் மாறினால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் வாயுவும் கிடைக்கும். கூடவே வெப்பமும் வெளியேறுகிறது, தொல்லை தொடங்குவது அதில்தான். நன்கு பழுத்த திராட்சையின் சாற்றைக் குளிர்விக்காமல் அப்படியே விட்டால், கணக்குப்படி அது சுமார் 25 டிகிரி சூடேற முடியும். 25 டிகிரியில் தொட்டிக்குள் போன சாறு அப்படி ஏறினால், 35 டிகிரியைத் தாண்டும்போதே ஈஸ்ட் துவண்டுவிடும். மிச்சச் சர்க்கரை தின்னப்படாமல் நின்றுபோகும். அந்த அரைகுறைச் சாற்றில் வேண்டாத பாக்டீரியா குடியேறினால் ஒரு பருவத்தின் உழைப்பு காடியாகிவிடும்.

பனையேறிகள் இதை எப்போதோ அறிந்திருந்தார்கள். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் மரத்திலேயே நொதிக்கத் தொடங்கிக் கள். நுண்ணுயிருக்கு எங்கே கடிவாளம் போடுவது என்ற அறிவு நமக்குப் புதிதல்ல. இன்றைய கருவிகள் அந்தக் கடிவாளத்தை இரவிலும் பிடித்திருக்க உதவுகின்றன.

பெங்களூரைச் சுற்றி அவ்வளவு ஒயின் ஆலைகளா?

இருக்கின்றன. நந்தி மலையடிவாரத்தில் குரோவர் குடும்பம் தொடங்கிய தோட்டம் பல ஆண்டுகளாக இருக்கிறது. கர்நாடக அரசு 2007இல் ஒயினுக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. ஒயின் வாரியமும் அமைத்தது. சந்தையில் கூடை கூடையாக வரும் புளிப்புக் கலந்த கறுப்புத் திராட்சையான பெங்களூர் புளூவிலிருந்தும் இங்கே ஒயின் செய்கிறார்கள். நம் வட்டாரத்தில் அறுவடை கோடையின் வாசலில் வருவதால் குளிர்விப்பதுதான் பெரும்பாடு. ஐரோப்பாவில் அறுவடை முடியும்போது குளிர்காலம் கதவைத் தட்டும், நமக்கோ மார்ச் மாத வெயில். அதனால்தான் பல இடங்களில் இரவிலோ விடியற்காலையிலோ பறித்து, பழம் சூடேறும் முன் ஆலைக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

காலையிலும் மாலையிலும் ஹைட்ரோமீட்டர் போட்டுப் பார்க்கிறோம். அது போதாதா?

பல தலைமுறை ஒயின் அப்படித்தான் உருவானது. சாற்றில் மிதந்து அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். கருவி வந்த பிறகும் அது தேவை, எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

ஆனால் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நடுவே பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது. சிவப்பு ஒயின் வேகமெடுத்த நாளில் ஒரே நாளுக்குள் மூன்று நான்கு பிரிக்ஸ் இறங்கிவிடும். பிரிக்ஸ் என்பது 100 கிராம் சாற்றில் எத்தனை கிராம் சர்க்கரை என்பதைச் சொல்லும் அளவு. நொதித்தல் கைமீறுவது பெரும்பாலும் இரவில், ஆள் இல்லாத நேரத்தில். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து குறிக்கும் கருவி இருந்தால், சாறு இப்போது எங்கே நிற்கிறது என்பதோடு எந்த வேகத்தில் போகிறது என்பதும் தெரியும். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். 12 பிரிக்ஸ் என்ற எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நேற்று 16 ஆக இருந்து இன்று 12 என்றால் தொட்டி பாய்கிறது, குளிரூட்டலைக் கவனிக்க வேண்டும். நேற்றும் 12, இன்றும் 12 என்றால் ஈஸ்ட் படுத்துவிட்டது.

கையால் அளப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டிருக்கும். 30 டிகிரியில் இருக்கும் சாற்றில் போட்டுப் பார்த்து, திருத்தம் செய்யாமல் எழுதினால் அரை பிரிக்ஸுக்கு மேல் குறைத்துக் காட்டும். களைத்துப்போன ஆள் மாலையில் திருத்தத்தை மறப்பது இயல்பு. கருவி மறக்காது.

தொட்டிக்குள் அடர்த்தியைத் தானாக அளப்பது எப்படி?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சர்க்கரை கரைந்த சாறு தண்ணீரைவிடக் கனமானது. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. ஆகவே நொதிக்க நொதிக்கச் சாற்றின் அடர்த்தி இறங்கிக்கொண்டே வரும். தண்ணீரை 1 என்று வைத்தால், தொடக்கத்தில் சுமார் 1.095 ஆக இருப்பது முடிவில் 0.995 அருகே வந்து நிற்கும். தொட்டியின் பக்கச் சுவரில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, சரியாக ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு அழுத்த உணரிகளைப் பொருத்துகிறோம். இரண்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம், நடுவில் இருக்கும் ஒரு மீட்டர் சாற்றின் எடையைக் காட்டும். அதிலிருந்து அடர்த்தி, அடர்த்தியிலிருந்து சர்க்கரை.

கேட்க எளிது, செய்யும்போதுதான் நுணுக்கம் புரியும். முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் அந்த வித்தியாசம் மாறுவது ஏறக்குறைய 980 பாஸ்கல் மட்டுமே. பத்து சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம், அவ்வளவுதான். பத்து நாள் நொதித்தல் முழுவதும் ஒரு சாண் தண்ணீருக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு பிரிக்ஸ் என்பது 40 பாஸ்கல் அளவு. ஆகவே உணரி மலிவானதாக இருந்தால் அதன் தடுமாற்றமே நமக்கு வேண்டிய செய்தியை விழுங்கிவிடும்.

பெங்களூருக்கே உரிய ஒரு கண்ணியும் இருக்கிறது. நாம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். சென்னையில் காற்றழுத்தம் 1013 மில்லிபார் என்றால் இங்கே 910 அருகில்தான். கடல்மட்டக் காற்றை உள்ளே அடைத்து மூடிய உணரி ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்தினால், முதல் நாளே 100 மில்லிபார் குறைத்துக் காட்டும். நாம் தேடும் மொத்த மாற்றமோ 10 மில்லிபார், மேலே சொன்ன அதே 980 பாஸ்கல். இரண்டு உணரிகளின் வித்தியாசத்தை எடுத்தால் ஊர்க் காற்றழுத்தம் இரண்டிலும் ஒரே அளவாக இருந்து கழிந்துவிடும். இது தெரியாமல் ஒரே உணரியை வைத்துவிட்டு "இயந்திரம் பொய் சொல்கிறது" என்று கழற்றிப்போட்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது சாற்றுக்குள் குமிழிகள் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் அளவு துள்ளும். ஒரு மணி நேரச் சராசரியை எடுத்தால் கோடு சீராகும். சாற்றை மேலே இறைத்து ஊற்றும் நேரத்து அளவுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அடர்த்தியைத் தவிர்த்து, வெளியேறும் வாயுவை அளந்தும் நொதித்தலைப் பின்தொடரலாம். எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியே போனதோ அந்தக் கணக்குக்குச் சர்க்கரை தின்னப்பட்டிருக்கிறது. பிரான்சில் மோன்பெலியே நகரத்து வேளாண் ஆய்வு நிறுவனத்தில் இந்த முறையை நெடுங்காலமாக வளர்த்திருக்கிறார்கள். அறிவியலாக மிக நேர்த்தியானது. ஆனால் தொட்டி மூடி காற்றுப்புகாமல் இருக்க வேண்டும்; நம் சிறு ஆலைகளில் அது அரிது.

தண்ணீரில் மிதக்கவிடும் சிறு கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றனவே?

ஈஸ்பிண்டல், டில்ட் போன்றவற்றைக் கேட்கிறீர்கள். சாற்றில் மிதந்து, அடர்த்தி மாற மாற வேறு வேறு கோணத்தில் சாய்ந்து, அந்தச் சாய்வை வைத்துச் சர்க்கரையைக் கணிப்பவை. கற்றுக்கொள்ள அருமையான பொருள். ஈஸ்பிண்டலின் வரைபடம் திறந்தது; பாகங்களைப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரே மாலையில் வாங்கிவிடலாம். கண்ணாடிக் குடுவையில் வெள்ளைத் திராட்சைச் சாற்றுக்கு நன்றாகவே உழைக்கும். சிவப்பு ஒயின் தொட்டியில் தோல் கூட்டத்தில் சிக்கிச் சாய்ந்து நின்றுவிடும். துருப்பிடிக்கா எஃகுத் தொட்டிக்குள்ளிருந்து அதன் ரேடியோ அலையும் சரியாக வெளியே வராது. ஆலைக்கு வேண்டாம்.

வெப்ப உணரியை எங்கே பொருத்துவது?

நான் தவறு செய்து கற்ற பாடம் இது.

சிவப்பு ஒயினில் பழத்தோலோடு சேர்த்து நொதிக்கவிடுவார்கள். வாயு ஏறி ஏறித் தோலையெல்லாம் மேலே தள்ளிவிடும். தொட்டியின் தலையில் அரை மீட்டருக்கும் மேலான தடிப்பில், வைக்கோற்போர் போல ஒரு அடுக்கு உட்கார்ந்துவிடும். வெப்பம் அங்கேதான் அதிகம் பிறக்கிறது, அங்கேயே அடைபட்டும் கிடக்கிறது.

என் முதல் பருவத்தில், ஓர் ஆலையில் தொட்டியின் கீழ்ப்பக்கம் வசதியான துளை இருந்ததால் உணரியை அதில் செருகினேன். திரையில் 27 டிகிரி. நான் திருப்தியாக நின்றிருந்தேன். தருமபுரிக்காரர் ஒருவர் அங்கே தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயது அறுபதை ஒட்டி, எல்லோருக்கும் அண்ணன். திரையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஏணியில் ஏறி உள்ளங்கையைத் தொட்டியின் மேல்பக்க எஃகில் வைத்தார், சற்றுக் கீழே வைத்தார், இன்னும் கீழே வைத்தார். பிறகு ஒரு நீண்ட வெப்பமானியைத் தோல் அடுக்குக்குள் குத்தி இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதையும் உங்கள் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்." 34 டிகிரி. ஒரே தொட்டிக்குள் ஏழு டிகிரி வித்தியாசம்.

அன்று முதல் சிவப்புத் தொட்டி ஒவ்வொன்றுக்கும் இரண்டு உணரிகள்: ஒன்று சாற்றில், ஒன்று தோல் அடுக்கில். இரண்டுக்கும் வித்தியாசம் நான்கைந்து டிகிரியைத் தாண்டினால், சாற்றை இறைத்துத் தோல்மேல் ஊற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். குளிர்நீர் ஓடும் உறைக்கு மிக அருகில் உணரியைச் செருகவும் கூடாது. சாற்றின் வெப்பத்துக்குப் பதில் உறையின் குளிரைத்தான் அது காட்டும்.

வெள்ளை ஒயினைப் பொதுவாக 12 முதல் 18 டிகிரிக்குள் வைப்பார்கள், சிவப்பை 24 முதல் 30க்குள். வெள்ளையில் தோல் இல்லாததால் ஒரே உணரி போதும்.

உணரி சரியாக இருக்கிறதா என்று கொதிநீரில் சோதிக்கலாமா?

பெங்களூரில் கூடாது. இங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 100 என்று நம்பித் திருத்தினால் நல்ல உணரியைக் கெடுத்துவிடுவீர்கள். உடைத்த பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வைத்து, கலக்கிவிட்டுப் பாருங்கள். எந்த ஊரிலும் அது பூஜ்ஜியம்தான். பிளாட்டினத்தாலான பிடி100 வகை உணரி என்றால் அப்போது மீட்டரில் 100 ஓம் காட்ட வேண்டும்.

ஆலைக்குள் வாயுவால் ஆபத்து உண்டு என்கிறார்கள். எவ்வளவு ஆபத்து?

உயிர் போகும் அளவுக்கு. ஒயின் கெட்டால் அடுத்த ஆண்டு செய்துகொள்ளலாம். தயவுசெய்து இந்தப் பதிலை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

ஒரு லிட்டர் திராட்சைச் சாறு முழுவதும் நொதித்தால் 50 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். 5,000 லிட்டர் தொட்டி ஒன்று தன் பத்து நாள் ஓட்டத்தில், பத்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் உயரமும் உள்ள ஒரு கூடத்தை முழுவதும் நிரப்பும் அளவுக்கு வாயுவைக் கக்கும். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். தரையிலும் குழியிலும் வடிகாலிலும் காலியான தொட்டியின் அடியிலும் தேங்கும். நிறம் இல்லை. எட்டு மணி நேர வேலைக்குப் பாதுகாப்பான வரம்பு காற்றில் 0.5 சதவீதம். 4 சதவீதத்தை உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கிறார்கள். 10 சதவீதத்தில் சில நிமிடங்களிலேயே நினைவு தப்பும்.

நம் ஊர்களில் பாழுங்கிணற்றில் இறங்கும் முன் கயிற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் இருந்தது. அதையே ஆலையிலும் செய்து, விளக்கு எரிகிறதே என்று இறங்கலாமா என்று கேட்கிறார்கள். இறங்கக் கூடாது. விளக்கு அணைவதற்கு முன்பே இந்த வாயு மனிதனைச் சாய்க்கும் அளவை எட்டிவிடும். விளக்கு எரிவதால் எதுவும் உறுதியாகாது.

வாயு உணரியைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் பொருத்துங்கள். அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் வகையையே வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் சில வீட்டுக் கருவிகள் கார்பன் டை ஆக்சைடை நேரடியாக அளப்பதில்லை. காற்றில் உள்ள வேறு ஆவிகளை வைத்து ஊகிக்கின்றன. ஆல்கஹால் ஆவி நிறைந்த கூடத்தில் அந்த ஊகத்துக்கு மதிப்பே இல்லை. 0.5 சதவீதத்தில் விளக்கும் காற்றாடியும் இயங்க வேண்டும்; 1.5 சதவீதத்தில் மணி அலறி எல்லோரும் வெளியேற வேண்டும். நான் பொருத்தும் இடங்களில் வைக்கும் கணக்கு இது. கதவுக்கு வெளியேயும் ஓர் எண்காட்டி வைக்கிறேன், உள்ளே போகும் முன்பே பார்த்துக்கொள்ள.

உள்ளே ஒருவர் விழுந்துகிடந்தால், மூச்சுக் கருவி இல்லாமல் பின்னால் ஓடாதீர்கள். முதலில் விழுந்தவரைக் காப்பாற்றப் போனவரும் அவர் பக்கத்திலேயே விழுவதுதான் இந்த வாயு விபத்துகளின் வழக்கம். காற்றாடியைப் போடுங்கள், கதவுகளைத் திறந்துவிடுங்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள். நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கும் ஆலையாக இருந்தாலும், அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்தும் கொட்டகையாக இருந்தாலும், பணம் ஒரு கருவிக்குத்தான் இருக்கிறது என்றால் அது இந்தக் கருவியாக இருக்கட்டும். அடர்த்தியைக் கையால் அளந்துகொள்ளலாம்.

எச்சரிக்கையை எப்படி அமைப்பது?

குறைவாக, தெளிவாக, எழுந்து ஓடக்கூடிய ஆளுக்கு.

மார்ச் மாத இரவு ஒன்றில், தொட்டபள்ளாப்பூர் பக்கத்து ஆலை ஒன்றில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது, விளக்குகள் வந்துவிட்டன. ஆனால் குளிரூட்டிக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டர் திரும்ப ஒட்டவில்லை. கருவி தன் கடமையைச் சரியாகச் செய்தது: 30 டிகிரி தாண்டியதும் குறுஞ்செய்தி அனுப்பியது, 31இல் இன்னொன்று, 32இல் இன்னொன்று. எல்லாம் போய்ச் சேர்ந்தது இரண்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவரின் எண்ணுக்கு. பட்டியலில் அந்த எண்ணை மாற்றாமல் விட்டது என் பிழையும்தான். பருவத் தொடக்கச் சோதனையில் நான் கேட்டிருக்க வேண்டும். காலையில் போனபோது 36 டிகிரி. அந்தத் தொட்டி பிறகு எழவே இல்லை.

ஆகவே ஒவ்வொரு பருவத்திலும் முதல் வேலையாக உண்மையான எச்சரிக்கை ஒன்றை எழுப்பிப் பார்க்கிறேன். உணரியை வெந்நீர் டம்ளரில் வைத்து, யார் கைப்பேசி அடிக்கிறது, அவர் எழுகிறாரா என்று நேரில் பார்க்கிறேன். பத்து நிமிடத்துக்குள் அவர் பதில் தராவிட்டால் அடுத்தவருக்கு அழைப்பு போக வேண்டும்.

நாளுக்கு இருபது முறை அலறும் கருவியை மூன்றாம் நாளே யாராவது அணைத்துவிடுவார்கள். மூன்று நிலைமைகள் போதும்: வெப்பம் வரம்பைத் தாண்டுவது, 4 பிரிக்ஸுக்கு மேல் மீதமிருக்கும்போதே வேகம் நாளுக்கு அரை பிரிக்ஸுக்குக் கீழே விழுவது, உணரியிலிருந்து செய்தியே வராமல் போவது. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமைதியாக இருக்கும் திரை நலமாக இருப்பது போலவே தோற்றமளிக்கும்.

கம்பியா, கம்பியில்லாததா?

தொட்டிக் கூடத்துக்குள் கம்பிக்கே என் வாக்கு. சுற்றிலும் எஃகுத் தொட்டிகள் நிற்கும் இடத்தில் வைஃபை தட்டுத் தடுமாறும். 4 முதல் 20 மில்லியாம்பியர் வரையிலான பழைய கம்பி முறையில் ஓர் அழகு இருக்கிறது. மிகக் குறைந்த அளவுக்கும் 4 மில்லியாம்பியர் ஓடும். கம்பியை எலி கடித்துவிட்டால் பூஜ்ஜியமாகிவிடும், உடனே கோளாறு என்று தெரிந்துவிடும். தோட்டத்தையும் ஆலையையும் இணைக்க வேண்டும் என்றால், குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் லோரா என்ற ரேடியோ முறை நல்லது. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம்.

இணையம் போனாலும் ஆலைக்குள் இருக்கும் பெட்டி தானே அளவுகளைச் சேமித்து, தானே மணி அடிக்க வேண்டும். யுபிஎஸ் இல்லாமல் எதையும் பொருத்தாதீர்கள்.

கருவியே குளிரூட்டலையும் இயக்கிவிடட்டுமா?

வெப்பத்தை மட்டும் ஒப்படைக்கலாம். வரம்பு தாண்டினால் குளிர்நீர் வால்வு திறக்கும், ஒரு டிகிரி இறங்கியதும் மூடும். அந்த ஒரு டிகிரி இடைவெளி இல்லாவிட்டால் வால்வு நிமிடத்துக்கு நிமிடம் திறந்து மூடித் தேய்ந்துபோகும். பதற்றத்தில் ஒரேயடியாகக் குளிர வைப்பதும் தவறு. ஈஸ்ட் குளிர்ச்சியில் திடுக்கிட்டு அடியில் படிந்துவிட்டால் நொதித்தல் அங்கேயே நின்றுவிடும்.

ஈஸ்டுக்குச் சத்து சேர்ப்பது, சாற்றை இறைப்பது போன்றவற்றை மனிதர் முடிவெடுத்தே செய்யட்டும் என்பது என் கருத்து. கருவி நேரம் சொல்லலாம். உதாரணமாக, சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்த கட்டத்தில் நைட்ரஜன் சத்தைச் சேர்ப்பது பல ஆலைகளின் வழக்கம். வளைகோடு அந்த மணிநேரத்தையே காட்டிவிடும். ஆனால் சத்துப் பொடியை நேராகத் தொட்டியில் கொட்டினால் உள்ளே கரைந்திருக்கும் வாயு மொத்தமாகக் கிளம்பி, சாறு பொங்கி வழிந்துவிடும். தண்ணீரிலோ சாற்றிலோ கரைத்து மெதுவாக ஊற்றும் பொறுமை ஒரு கைக்குத்தான் உண்டு.

பிரிக்ஸ் பூஜ்ஜியம் காட்டினால் நொதித்தல் முடிந்துவிட்டதா?

இல்லை. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசாக இருப்பதால், சர்க்கரை இன்னும் மிச்சமிருக்கும்போதே எண் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். முழுவதும் தீர்ந்த ஒயின் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒன்று, ஒன்றரை என்று போய் நிற்கும். கோடு மூன்று நாள் அசையாமல் படுத்திருந்தால் முடிந்திருக்கலாம், அல்லது நின்றுபோயிருக்கலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். ஈஸ்ட் குளுக்கோஸை முதலில் தின்றுவிட்டு ஃபிரக்டோஸைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதால் மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஃபிரக்டோஸ்தான். ஆய்வகத்தில் சர்க்கரைச் சோதனை செய்து உறுதிப்படுத்துங்கள். ஹைட்ரோமீட்டர் தேவை என்று முன்பு சொன்னது இதற்காகவும்தான்: நாளுக்கு ஒரு முறை கையால் அளந்து கருவியோடு ஒப்பிட்டால், கருவியின் அளவு விலகிப்போனது தெரியும். ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையைக் கணிக்கும் ஒளிவிலகல்மானியைக் கொண்டு ஒப்பிடாதீர்கள். ஆல்கஹால் வந்த பிறகு அது தவறான எண்ணையே காட்டும்.

அதற்குப் பிறகு நடக்கும் மேலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும் வேலையை இந்த உணரிகளால் பார்க்க முடியாது. அடர்த்தி அதில் அசைவதே இல்லை.

கருவி வந்தால் மூக்குக்கு வேலை இல்லையா?

இருக்கிறது. ஈஸ்டுக்கு நைட்ரஜன் போதாவிட்டால் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். நான் பொருத்தும் எந்த உணரிக்கும் அது எட்டாது. தருமபுரி அண்ணன் கதவருகிலேயே நின்று சொல்லிவிடுவார். அவருடைய கோடு போட்ட நோட்டில் எண்களுக்குப் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கும்: "வாழைப்பழ வாசம்", "மாவு வாசம்", "முட்டை, லேசாக". அந்தப் பத்தியை என் திரையிலும் சேர்த்துவிட்டேன். காலையில் முகர்ந்தவர் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். கோட்டின் மேல் அந்தச் சொல் வந்து உட்காரும்போது, வேகம் குறைந்த நேரமும் முட்டை வாசம் தொடங்கிய நேரமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெளிநாடுகளில் இதை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறார்கள்?

கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில், சைப்ரஸ் செமிகண்டக்டர் நிறுவனத்தைத் தொடங்கிய டி.ஜே. ராட்ஜர்ஸ் கொடுத்த கொடையில், 200 லிட்டர் நொதித் தொட்டிகள் நூற்றுக்கு மேல் கம்பியில்லா முறையில் கண்காணிக்கப்படுகின்றன. மாணவர் ஒவ்வொருவரும் தன் தொட்டியின் கோட்டைப் பார்த்துக் கற்கலாம். சிப் செய்யத் தெரிந்த ஒருவர் திராட்சைக்கு அதைப் பயன்படுத்தினார் என்பது, சிப் வடிவமைப்பாளர்கள் நிறைந்த பெங்களூரில் நாம் நினைத்துப்பார்க்க வேண்டிய செய்தி.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் செய்யும் ஒயினுக்கு இது உதவுமா?

கர்நாடகத்தில் மது தயாரிப்பு 1965ஆம் ஆண்டின் கலால் சட்டத்தின் கீழ் வருகிறது, உரிமம் வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். பயிற்சிக்கு இட்லி மாவே போதும். சில நூறு ரூபாய் வெப்ப உணரி ஒன்றை மாவுப் பாத்திரத்தில் வைத்து இரவு முழுவதும் பதிவு செய்து பாருங்கள், எல்லாப் பாடமும் அதில் இருக்கிறது.

கருவியியல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். இந்தத் துறையில் வேலை கிடைக்குமா?

ஒயின் ஆலைகளை மட்டும் நம்பினால் ஆண்டுக்கு நான்கு மாதம்தான். ஆனால் இதே கை பால் பண்ணைக்கும், இட்லி மாவு ஆலைக்கும், வினிகருக்கும், மருந்துத் தொழிற்சாலையின் நொதிகலத்துக்கும் பயன்படும். அழுத்தம், வெப்பம், வால்வு ஆகிய மூன்றையும் கையால் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொள்ளுங்கள். கன்னடம் பேசப் பழகுங்கள். ஆலையில் பாதி அறிவு அந்த மொழியில்தான் புழங்குகிறது.

பருவம் முடிந்ததும் கருவிகளை என்ன செய்வது?

தொட்டியிலேயே விட்டுவைக்காதீர்கள். ஒயின் குளிரும்போது அதிலிருந்து டார்ட்டரேட் உப்பு படிகமாகி, உணரியின் மெல்லிய தகட்டின் மேல் சர்க்கரைப் பொருக்கு போலப் படிந்துவிடும். சுரண்டினால் தகடு கெடும். வெதுவெதுப்பான காரநீரில் ஊறவைத்தால் தானே கரையும். காரநீரைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கழுவித் துடைத்த பிறகு வெப்ப உணரிகளை ஒவ்வொன்றாகப் பனிநீரில் வைத்து, பூஜ்ஜியத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். அழுத்த உணரிகளை ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் சோதியுங்கள். தொட்டி எண், தேதி, விலகல் மூன்றையும் துணி டேப்பில் எழுதி அந்தந்தக் கம்பியின் நுனியிலேயே ஒட்டுங்கள். நோட்டுப் புத்தகம் தொலைந்துபோகும். கம்பி அடுத்த ஜனவரியில் உங்கள் கையில்தான் இருக்கும்.